பெட்டியில் பார்த்ததும் கல்லாவில் சொன்னதும்



நம்மில் பெரும்பாலோர் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். விலை சொல்லத் தெரியும், எடை போடத் தெரியும், பற்று எழுதத் தெரியும். ஆனால் மனதில் உள்ள ஒரு கருத்தை மகனிடமோ, பங்காளியிடமோ, கடைப் பையனிடமோ, பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளரிடமோ எடுத்துச் சொல்ல வேண்டி வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அப்படியே துணிந்து சொன்னாலும் அது புத்திமதி ஆகிவிடுகிறது. புத்திமதி என்னும் சரக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

நமது முன்னோர்களுக்கு இந்தச் சங்கடம் அவ்வளவாக இருந்ததில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். ஊரே உட்கார்ந்து பார்க்கும். மறுநாள் கடை வாசலில், "நேற்று தருமர் செய்தது போல நீயும் செய்யாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரே இருப்பவருக்கு விளங்கிவிடும். இருவரும் ஒரே காட்சியைப் பார்த்திருந்ததால் விளக்கம் தேவைப்படவில்லை. இன்று அந்த இடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அதை வைத்துப் பேசிப் பார்த்ததில் நமக்குக் கிடைத்த லாபத்தையும் நஷ்டத்தையும் இங்கே எழுதுகிறோம்.

அரை நிமிடத்தில் ஒரு பாடம்

முதலில் லாபக் கணக்கு. 1980களில் 'சர்ஃப்' சலவைத் தூளுக்கு ஒரு விளம்பரம் வந்தது. லலிதாஜி என்ற குடும்பத் தலைவி அதில் பேசுவார். அப்போது நிர்மா தூள் மிகக் குறைந்த விலையில் வந்து சந்தையையே பிடித்திருந்தது. அதற்குப் பதிலாகவே இந்த அம்மையாரைக் கொண்டுவந்தார்கள். மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்பார். அரைக் கிலோ நல்ல தூள் ஒரு கிலோ மலிவுத் தூளுக்குச் சமம் என்று கணக்கும் சொல்வார். லலிதாஜியாக நடித்த கவிதா சௌத்ரி 2024இல் காலமானார்.

பக்கத்துக் கடையில் துவரம் பருப்பு விலை குறைவாக இருக்கிறதே என்று அந்நாளில் சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் கேட்பார்கள். ரகம், ஈரப்பதம், உடைசல், தூசி என்று நாம் அடுக்கினால் கொட்டாவி விடுவார்கள். "லலிதாஜி கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றால் சிரித்துவிடுவார்கள். ஒரு கைப்பிடி பருப்பை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி வேகவைத்துப் பார்க்கச் சொல்வோம். காட்சி சிரிக்க வைத்தது, பருப்பு நம்ப வைத்தது. இரண்டும் சேர்ந்தால்தான் வியாபாரம்.

இதை நம்மைப் போன்றவர்கள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் 1969இல் ஒரு தொடர் வந்தது. வீட்டு வேலை செய்யும் ஏழைப் பெண் தையல் கற்றுக்கொண்டு, தையல் இயந்திரத்தாலேயே முன்னேறும் கதை. அந்தத் தொடர் ஓடிய இடங்களில் தையல் இயந்திர விற்பனை ஏறியது, தையல் வகுப்புகளில் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மெக்சிகோவின் மிகேல் சபிடோ என்பவர் இதைக் கவனித்து, 1975 முதல் முதியோர் கல்வி, குடும்பநலம் ஆகியவற்றுக்காகவே தொடர்கள் எடுத்தார். அந்த வழியைப் பார்த்துத்தான் நமது தூர்தர்ஷனில் 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடங்கியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி, பார்த்த காட்சியை வைத்துச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டுப் போவார். முதலில் காட்சி, பிறகு கருத்து. கருத்து சுருக்கமாக இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நாம் சொந்த நஷ்டத்தில் கற்றோம்.

நாம் செய்த பிழை

1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஞாயிறு காலைகளில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தொடர் ஒளிபரப்பானது. வசனம் இந்தி. நம் தெருவில் இந்தி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இருந்தாலும் பெட்டி உள்ள வீடுகளில் கூடம் நிறைந்து திண்ணை வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கதை தெரிந்த கதை, மொழி தடையாக இல்லை.

சூதாட்டக் காட்சி வந்த வாரம் அது. நமக்கு அப்போது முப்பது வயது கூட ஆகவில்லை. தகப்பனார் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்ததால் கல்லாவில் நாம் இருந்தோம். அக்கம்பக்கத்துக் கிராமத்தில் மளிகை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சரக்கு எடுக்க வந்தார். பழைய பாக்கி ஏறிக்கொண்டே இருந்தது. புதிய சிட்டையும் நீளமாக இருந்தது. சுற்றிலும் ஐந்தாறு வாடிக்கையாளர்கள். நமக்குப் பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. "ஐயா, நேற்று தருமரைப் பார்த்தீர்கள் அல்லவா? நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னையே வைத்தார், கடைசியில் திரௌபதியையும் வைத்தார். நிறுத்தத் தெரியாதவர் கதி அதுதான். நீங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டோம். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

பெரியவர் சிட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "தம்பி, நான் தருமர் என்றே இருக்கட்டும். பகடையை என் கையில் கொடுத்தது யார்? மாதம் தவறாமல் கடனுக்கு மூட்டையை ஏற்றிவிட்டது இந்த மண்டிதானே?" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

ஊர் திரும்பிய தகப்பனார் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுதும் நம்மோடு பேசவில்லை. மறுநாள் பேரேட்டை எடுத்து வைத்து அந்தப் பெரியவர் பக்கத்தைக் காட்டினார். ஆறு மாதமாக அவர் கேட்டதற்கு மேல் நாமே சரக்கு ஏற்றியிருந்தோம். ஆலையிலிருந்து வந்ததைத் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம். "அவர் சொன்னதில் என்ன தவறு?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் நான்கு மாதத்தில் பாக்கியைக் காசு மிச்சமில்லாமல் தன் மகன் மூலம் கொடுத்தனுப்பினார். கணக்கு நேராயிற்று. ஆனால் அதன்பின் நமது மண்டிப் படி அவர் ஏறவே இல்லை. தகப்பனார் நேரில் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

அன்று நாம் காட்சியைச் சொன்னதோடு நிற்காமல், எந்த வேடம் யாருக்கு என்றும் பங்கு பிரித்தோம். எதிரே இருப்பவருக்கும் பங்கு பிரிக்கத் தெரியும் என்பதை மறந்தோம். நமக்கு வந்து சேர்ந்தது சகுனி வேடம்.

நம்மையே திருத்திய காட்சி

காட்சியைக் காட்டும் உரிமை கடை முதலாளிக்கு மட்டும் உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். அதில் ஆதி குணசேகரன் என்னும் மூத்தவர், படித்த மருமகள்மாரை அடுப்படியை விட்டு வெளியே விடாமல் அதிகாரம் செய்வார். அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறையும் வரை அவர் பேச்சுக்கு வீட்டுக்கு வீடு வாய்ப்பாடு போல மறுபேச்சு உண்டு.

நமது மருமகள் வணிகவியல் பட்டதாரி. மண்டியின் ஜி.எஸ்.டி. கணக்கைத் தானே பார்க்கிறேன் என்று கேட்டிருந்தாள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாம் ஓராண்டு ஓட்டிவிட்டோம். ஒருநாள் இரவு குணசேகரன் திரையில் கத்திக்கொண்டிருந்தபோது நமது இல்லத்தரசி ஒன்றும் சொல்லவில்லை. திரையைப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த மாதக் கணக்கிலிருந்து மருமகள்தான் பார்க்கிறாள். 'இவர் நீங்கள்தான்' என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நாம் சண்டைக்குப் போயிருப்போம். நாமே கண்டுகொள்ள விட்டதால் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று. அன்று மண்டியில் நமக்கு இல்லாத பக்குவம் அது.

அடிக்காமல் விட்ட பந்து

இப்போது இந்தக் கட்டுரை எழுதக் காரணமான செய்திக்கு வருகிறோம். மண்டி நமக்கும் நமது தம்பிக்கும் பொது. வங்கி வரவு செலவைத் தம்பி மகன் பார்த்து வந்தான். கெட்டிக்காரன். 2024 தீபாவளிக் கொள்முதல் நேரத்தில் பருப்பு ஆலைக்குச் செலுத்த வேண்டிய தொகை கணக்கில் இல்லை. விசாரித்ததில், கைப்பேசி வழியாகப் பங்குச் சந்தையின் எதிர்காலப் பேரம், விருப்பப் பேரம் ஆகியவற்றில் இறங்கி நான்கரை லட்சம் வரை விட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில்தான் 'செபி' அமைப்பு தன் ஆய்வை வெளியிட்டிருந்தது. மூன்று நிதியாண்டுகளில் இந்தப் பேரங்களில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரி நஷ்டம் ஏறக்குறைய 2 லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்றது அது. தம்பி அந்தப் பத்திரிகைச் செய்தியை அவன் முன் போட்டான். "மீதி ஏழு பேரில் நான் ஒருவன்" என்றான் பையன். தம்பி கை ஓங்கிவிட்டான். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மண்டியைப் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வரை போய்விட்டது.

நமக்கும் பகடை நினைவுதான் முதலில் வந்தது. பழைய சூடு இருந்ததால் வாயை மூடிக்கொண்டோம். மூன்றாம் நாள் இரவு கடை கட்டியபின் அவனை மட்டும் இருக்கச் சொன்னோம். 2004 ஜனவரியில் அவன் பத்து வயதுப் பையன். சிட்னியில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தைப் பார்க்க விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து நம் அருகில் வந்து உட்கார்ந்துகொள்வான். அதைக் கேட்டோம்.

"சிட்னியில் சச்சின் ஆடியது ஞாபகம் இருக்கிறதா?"

"மறக்குமா பெரியப்பா? 241, ஆட்டம் இழக்கவே இல்லை."

"அன்று அவர் எந்த அடியை அடிக்கவில்லை?"

"கவர் டிரைவ். அந்தத் தொடரில் வெளியே போகிற பந்தைத் துரத்தித்தான் ஆட்டம் இழந்துகொண்டிருந்தார். அதனால் அந்த அடியையே விட்டுவிட்டார். 436 பந்து ஆடினார்."

"அந்த அடி அவருக்குத் தெரியாதா?"

"அவர் அளவுக்கு யாருக்குத் தெரியும்?"

அதற்கு மேல் நாம் கேட்கவில்லை. நீ யார், எந்தப் பந்து என்று விளக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனே, "எனக்கும் தெரியும் என்பதால்தான் பெரியப்பா மாட்டிக்கொண்டேன்" என்றான்.

காட்சி கதவைத் திறந்தது. அதன்பின் பேரேடு உள்ளே போக வேண்டும். மறுநாளே வங்கிக் கணக்கை இரண்டு கையெழுத்துக் கணக்காக மாற்றினோம். எடுத்த தொகையை அவன் பங்குப் பற்றில் எழுதினோம். மாதாமாதம் அவன் பங்கிலிருந்து கழித்து வருகிறோம், இன்னும் பாக்கி இருக்கிறது. அவன் முழுதும் திருந்திவிட்டான் என்று இங்கே எழுதினால் அது பொய்யாகலாம். கைப்பேசி அவன் கையில்தான் இருக்கிறது. ஆனால் மண்டிப் பணம் அவன் கைப்பேசிக்குள் போகவில்லை, அண்ணன் தம்பி பிரியவில்லை, ஆலைக்காரருக்குப் பதினைந்து நாள் தாமதத்தில் பணம் போய்ச் சேர்ந்தது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

ஒன்று, கேட்பவர் பார்த்து ரசித்த காட்சியைச் சொல்ல வேண்டும். நமக்குப் பிடித்த காட்சியை அவருக்கு விளக்கத் தொடங்கினால் அதுவே தனிப் புத்திமதி ஆகிவிடும். கடைப் பையன்களுக்குக் கிரிக்கெட் என்றால், வீட்டுப் பெண்களுக்குத் தொடர். இராமாயணமும் மகாபாரதமும் 2020 ஊரடங்கில் மார்ச் 28 முதல் மறு ஒளிபரப்பு ஆனதால் பேரப்பிள்ளைகளுக்கும் அவை பழக்கமே.

இரண்டு, நாலு பேர் நடுவில் சொல்லக் கூடாது. கூட்டத்தில் சொன்னால் உவமை வசவாகிவிடும். பாக்கி விஷயமானால் கட்டாயம் தனியாகத்தான்.

மூன்று, வேடத்தை நாம் ஒதுக்கித் தரக் கூடாது. காட்சியை வைத்துவிட்டு ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதே காட்சியில் நாம் எங்கே நிற்கிறோம் என்று முதலில் நமக்குள் பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கு, தொடர்களில் கெட்டவர் முழுக்கக் கெட்டவராகவே இருப்பார், கதை ஓட அது தேவை. நமது பங்காளியும், பாக்கிக்காரரும், போட்டிக் கடைக்காரரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பாகப் பிரிவினை, வழக்கு போன்றவற்றில் தொடர்க் காட்சியை எடுத்துக்காட்டினால் நெருப்பில் நெய் ஊற்றிய கதைதான்.

ஐந்து, காட்சியோடு விட்டுவிடாமல் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். சிரித்துவிட்டுப் போனவர் மறுநாள் மறந்துவிடுவார். எழுதி வைத்தது மறக்காது.

அந்தக் கிராமத்துப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய பேரன் அதே கடையைப் பெரிதாக்கி நடத்துகிறார். சென்ற ஆண்டு முதல் நம்மிடம் மீண்டும் சரக்கு எடுக்கிறார். பழைய கதை அவருக்குத் தெரியுமா என்று நாம் கேட்கவில்லை. அவர் சிட்டையில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சிப்பம் கூட ஏற்றக் கூடாது என்று மட்டும் குமாஸ்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.