நீராவிக் கப்பல் அஞ்சல் ஒப்பந்தங்களின் விதிகள்: மானியமும் கடப்பாடும் (1837–1870)

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டன் அரசு தன் வெளிநாட்டு அஞ்சலைக் கடல்வழிக் கொண்டுசெல்லும் பணியைத் தனியார் நீராவிக் கப்பல் நிறுவனங்களிடம் ஒப்பந்த முறையில் ஒப்படைத்தது. அதற்காக ஆண்டுதோறும் வழங்கப்பெற்ற பெருந்தொகையை ‘மானியம்’ என்னும் ஒரு சொல்லால் குறிப்பது ஆய்வு வழக்கு. காலம், கப்பல், வழி, நிதி ஆகியவை குறித்த ஒப்பந்த விதிகளை இக்கட்டுரை விளக்குகிறது. அத்தொகை உதவித்தொகை அன்று; நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட கடப்பாடுகளுக்கு அரசு கொடுத்த விலை என்பதை அவ்விதிகளின்வழி நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சல் ஒப்பந்தம், நீராவிக் கப்பல், மானியம், தண்டத்தொகை, சூயஸ், காலனிய அஞ்சல்

முன்னுரை

காலனியக் காலத் தமிழகம், இலங்கை குறித்து ஆய்வோர் கடிதங்களையும் இதழ்ச் செய்திகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்கின்றனர். ஒரு கடிதம் இலண்டனிலிருந்து சென்னைக்கு எந்த வழியில், எத்தனை நாளில், யாருடைய பொறுப்பில் வந்தது என்னும் வினா அச்சான்றுகளின் காலத்தை வரையறுக்க இன்றியமையாதது. அதற்கான விடையின் பெரும்பகுதி அஞ்சல் ஒப்பந்தங்களின் விதிகளில் அடங்கியுள்ளது. எனினும், இவ்வொப்பந்தங்கள் கப்பல் நிறுவனங்களின் வளர்ச்சி வரலாற்றில் ஒரு துணைச்செய்தியாகவே பெரிதும் இடம்பெறுகின்றன. அவற்றை ஒரு சட்ட ஆவணமாக வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பந்த முறையின் தோற்றம்

பிரிட்டனின் கடல்கடந்த அஞ்சல் கப்பல்களை நிர்வகிக்கும் பொறுப்பு 1837இல் அஞ்சல் துறையிடமிருந்து கடற்படை வாரியத்திற்கு மாறியது. அவ்வாண்டிலேயே பெனின்சுலர் நிறுவனத்துடன் ஐபீரியத் தீபகற்பத்திற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. பால்மவுத்திலிருந்து லிஸ்பன் வழியாக ஜிப்ரால்டர்வரை வாரந்தோறும் அஞ்சல் கொண்டுசெல்ல ஆண்டுக்கு 29,600 பவுண்டு உறுதியளிக்கப்பட்டது. ஹாலிபாக்ஸ் நகர வணிகரான சாமுவேல் குனார்டு 1839இல் வட அமெரிக்க அஞ்சலுக்கான ஒப்பந்தத்தைப் பெற்றார். ராயல் மெயில் நீராவிக் கப்பல் நிறுவனம் மேற்கிந்தியத் தீவுகளுக்கான ஒப்பந்தத்தை 1840இல் ஆண்டுக்கு 2,40,000 பவுண்டுக்குப் பெற்றது. பெனின்சுலர் நிறுவனம் 1840இன் இறுதியில் அரச பட்டயம் பெற்றுப் பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல் (பி. அண்ட் ஓ.) எனப் பெயர் விரிந்து கீழைக்கடலுக்கு வந்தது.

இத்துணைப் பெருந்தொகை ஏன் தேவைப்பட்டது? அக்கால நீராவிப் பொறிகள் நிலக்கரியை மிகுதியாக உண்டன. சரக்குக்குரிய இடத்தைக் கரியே அடைத்துக்கொண்டது. வழியிலுள்ள துறைகளுக்குத் தேவையான கரியைப் பாய்மரக் கப்பல்களில் முன்னரே அனுப்பிச் சேமிக்கவும் வேண்டியிருந்தது. மேலும், கடிதங்களுக்குப் பொதுமக்கள் செலுத்திய அஞ்சற்கட்டணம் அஞ்சல் துறையைச் சேர்ந்ததேயன்றிக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே ஒப்பந்தத்தொகை, அஞ்சற்கட்டணம், சரக்குக் கட்டணம் ஆகிய மூன்றையும் ஆய்வாளர் வேறுபடுத்திக் காண்பது முதற்படியாகும்.

காலம் பற்றிய விதிகள்

சரக்கு நிரம்பும்வரையும் காற்று வாய்க்கும்வரையும் காத்திருப்பது பாய்மரக் கப்பல்களின் பொது இயல்பு. அஞ்சல் ஒப்பந்தம் இவ்வியல்பை விலக்கியது. குறித்த நாளில், குறித்த துறையிலிருந்து, பயணியரும் சரக்கும் நிரம்பினும் நிரம்பாவிடினும் கப்பல் புறப்பட்டாக வேண்டும். குனார்டின் ஒப்பந்தம் முதலில் ஆண்டுக்கு 55,000 பவுண்டு என அமைந்தது. பாஸ்டன்வரை வழியை நீட்டிக் கப்பல்களை நான்காக உயர்த்தித் திருத்தியபோது அது 60,000 பவுண்டாயிற்று. அதன்படி ‘பிரிட்டானியா’ 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலிலிருந்து புறப்பட்டது.

புறப்பாடு தாழ்ந்தால் தண்டத்தொகை விதிக்கும் கூறு இத்தகைய ஒப்பந்தங்களில் இடம்பெற்றது. அது மணிக்கணக்கில் ஏறும் தன்மையுடையது. கப்பல் சேரும் வேகத்தைவிடப் புறப்படும் ஒழுங்கையே தொடக்ககால ஒப்பந்தங்கள் இறுகப் பற்றின என்பது கருதத்தக்கது. புயலையும் எதிர்க்காற்றையும் நிறுவனத்தால் கட்டுப்படுத்த இயலாது. புறப்படும் நேரத்தைக் கட்டுப்படுத்த இயலும். ஒழுங்கான புறப்பாடு நிலைபெற்ற பின்னரே வணிகர் தம் கடிதங்களையும் பணமுறிகளையும் ‘அடுத்த அஞ்சலுக்கு’ என நாள்குறித்து எழுத முடிந்தது.

கப்பல் பற்றிய விதிகளும் போர்க்கால உரிமையும்

ஒப்பந்தத்தை நிர்வகித்தது கடற்படை வாரியமாதலின் கப்பலின் தரமும் விதியாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளுக்கான ஒப்பந்தம் 400 குதிரைத்திறனுக்குக் குறையாத பொறிகளையுடைய 14 கப்பல்களைக் கோரியது. கப்பல்களை ஆய்ந்து ஏற்கும் உரிமையும், போர்க்காலத்தில் அவற்றை அரசுப் பணிக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் வாரியத்தின் நோக்கில் முதன்மை பெற்றன. கிரிமியப் போரின்போது அஞ்சல் நிறுவனங்களின் கப்பல்கள் படைவீரரை ஏற்றிச் சென்றன. பி. அண்ட் ஓ. நிறுவனத்தின் ‘ஹிமாலயா’ 1854இல் அரசால் விலைக்கே வாங்கப்பட்டது. அப்போரின் தேவையால் அந்நிறுவனத்தின் ஆஸ்திரேலிய அஞ்சற்பணி தடைப்பட்டது. கடிதம் எழுதியவர்க்கு அது குறைபாடு. கடற்படையின் நோக்கிலோ அது தான் விலைகொடுத்துப் பெற்ற பயன்.

அஞ்சற்பைகளின் பொறுப்பாளராகக் கடற்படை அதிகாரி ஒருவர் கப்பலில் உடன்செல்வதும் வழக்கமாயிற்று. இவரே அஞ்சல் முகவர். தனியார் கப்பலில் அரசின் சார்பாளராக விளங்கிய இவரது நிலை 1861இல் உலகறிய வெளிப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கூட்டமைப்பின் தூதர் இருவரை ‘டிரென்ட்’ என்னும் பிரிட்டானிய அஞ்சல் கப்பலிலிருந்து அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று கைப்பற்றிச் சென்றது. அப்போது கப்பலில் இருந்த அஞ்சல் முகவர் கமாண்டர் ரிச்சர்டு வில்லியம்ஸ் அரசின் பெயரால் எதிர்ப்புத் தெரிவித்தார். அஞ்சல் ஒப்பந்தம் ஒரு வணிகக் கலத்திற்கு அரசுச் சாயலை அளித்தது என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

வழி பற்றிய விதி: காலியும் சென்னையும் சூயஸும்

இந்தியாவுக்கான அஞ்சல் எகிப்தில் நிலவழியாகக் கடந்து மீண்டும் கப்பலேறியது. 1845 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் பி. அண்ட் ஓ. நிறுவனத்திற்கு ஆண்டுக்கு 1,60,000 பவுண்டு அளித்தது. சூயஸிலிருந்து இலங்கை, சென்னை வழியாகக் கல்கத்தா செல்லும் பணிக்கு அதில் 1,15,000 பவுண்டு உரியது. இலங்கையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் செல்லும் பணிக்கு 45,000 பவுண்டு உரியது. பம்பாய்–சூயஸ் வழியைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன்வசமே 1854வரை வைத்திருந்தது.

இவ்விதியால் இலங்கையின் காலித் துறைமுகம் இரு வழிகளின் சந்திப்பாயிற்று. சீன அஞ்சலும் கல்கத்தா அஞ்சலும் அங்கே பிரிந்தன. சென்னையில் அன்று கப்பல்கள் அணையும் துறைமுகம் இல்லை. ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து அஞ்சற்பைகள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. ஒப்பந்தம் நாள்குறித்த பயணத்தின் இறுதிக்கூறு படகோட்டியரின் தோளில் இருந்தது. சென்னைக் கடிதங்களின் காலத்தை ஆய்வோர் பம்பாய் வழி, காலி வழி என்னும் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

வழியை விதியாக்கியதன் விளைவு சூயஸ் கால்வாய் 1869 நவம்பரில் திறக்கப்பட்டபோது புலப்பட்டது. நடப்பிலிருந்த ஒப்பந்தம் எகிப்தில் தொடர்வண்டி வழியையே குறித்திருந்தது. அவ்விதியைத் தளர்த்த வேண்டுமாயின் ஒப்பந்தத்தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என அஞ்சல் துறை நிபந்தனை விதித்தது. ஆகவே அலெக்சாந்திரியாவில் அஞ்சற்பைகளை இறக்கி, கால்வாயைக் கடந்தபின் சூயஸில் மீண்டும் ஏற்றும் நிலை சில ஆண்டுகள் நீடித்தது. கப்பல் செல்லும் வழி திறந்திருந்தும், அதிலிருந்த அஞ்சலுக்கு அவ்வழி திறக்கவில்லை. புவியியல் மாறியபோதும் விதி மாறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

நிதி பற்றிய விதிகள்

1860இல் ஒப்பந்தப் பொறுப்பு மீண்டும் அஞ்சல் துறைக்கு வந்தது. அதன்பின் போர்க்காலப் பயனைவிடச் செலவும் வருவாயும் கூர்ந்து நோக்கப்பட்டன. 1867இல் பி. அண்ட் ஓ. நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் இவ்வகையில் தனித்தன்மையுடையது. ஆண்டுத்தொகை 4,00,000 பவுண்டு. பங்குதாரரின் ஈவுத்தொகை 8 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அது 5,00,000 பவுண்டுவரை உயரலாம். ஈவு அவ்வளவைக் கடந்தால் மிகையின் ஒரு பங்கு அரசைச் சேரும். நிறுவனத்தின் ஊதியத்தையே அரசு தாங்குவதாய் அமைந்த இம்முறை நிலைக்கவில்லை. 1870இல் 4,50,000 பவுண்டு என்னும் நிலைத்தொகை வகுக்கப்பட்டது. இத்தகைய செலவில் ஒரு பகுதியை இந்திய வருவாயும் ஏற்றது. ஆனால் விதிகளை வகுத்த பேச்சுகளில் இந்தியர்க்கு இடமிருக்கவில்லை.

தொகை எங்கிருந்து வரும் என்னும் விதியும் முதன்மையானது. டோவர் வழியாக ஐரோப்பாவிற்கு அஞ்சல் கொண்டுசென்ற சர்ச்வர்டின் ஒப்பந்தம், தொகை பாராளுமன்றம் ஒதுக்கும் நிதியிலிருந்து வழங்கப்படும் என்று கூறியது. 1863ஆம் ஆண்டின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம், அவ்வாண்டு ஜூன் 20க்குப் பிற்பட்ட காலத்திற்கு அவருக்கு ஒதுக்கீட்டிலிருந்து எதுவும் வழங்கலாகாது என விலக்கியது. அவர் தொடுத்த வழக்கில் 1865இல் தீர்ப்பு அரசின் பக்கம் அமைந்தது. ஒப்பந்தக்காரர் ஆண்டுக்கணக்கில் கடமைப்பட்டிருப்பினும், பாராளுமன்றம் நிதி அளிக்காதபோது அரசின் கடப்பாடு செயலற்றுப்போகும் என்பதை இவ்வழக்கு உணர்த்தியது. பிரிட்டானிய அரசமைப்புச் சட்ட வரலாற்றில் இன்றும் எடுத்தாளப்படும் இத்தீர்ப்பு ஓர் அஞ்சல் ஒப்பந்தத்தின் சிறு தொடரிலிருந்து பிறந்தது.

முடிவுரை

மேற்கண்ட விதிகளைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒப்பந்தத்தொகை ஒழுங்கான புறப்பாடு, தரமான கப்பல், போர்க்காலப் பயன், குறித்த வழி ஆகியவற்றின் கூட்டுவிலை. ‘மானியம்’ என்னும் சொல் இக்கூறுகளை மறைத்துவிடுகிறது. இரண்டாவது, அவ்விலையின் பொருள் மாறிக்கொண்டே வந்தது. கடற்படை வாரியம் வாங்கியதும் அஞ்சல் துறை வாங்கியதும் ஒன்றல்ல. மூன்றாவது, கடிதத்தின் பயணக் காலம் பொறியின் ஆற்றலால் மட்டும் அமையவில்லை. கால்வாய் திறந்தபின்னும் நிலவழியே சென்ற அஞ்சற்பைகள் இதனைக் காட்டுகின்றன. ஆதலின் காலனியக் காலக் கடிதங்களுக்கு நாள் வரையறுக்க முற்படுவோர் அஞ்சல் முத்திரையுடன், அந்நாளில் நடப்பிலிருந்த ஒப்பந்தத்தின் வழி, கால விதிகளையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.