மீனின் புள்ளியும் மீனின் பதற்றமும்



ஒரு நாள் என் மாணவன் ஒருவன், தோட்டத்துக் கால்வாயில் பிடித்த இரண்டு மீன்களைப் பிஸ்கட் டின்னில் கொண்டு வந்தான். சற்று நேரத்தில் பெரிய மீன் சின்ன மீனை விரட்டத் தொடங்கியது. விரட்டுப்பட்ட மீன் மூலையில் ஒடுங்கி, நிறமும் கறுத்துவிட்டது. "சார், பயந்தா மீன் கறுத்துப் போகுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

மீனின் தோலில் மெலனின் என்னும் கறுப்பு நிறமி கொண்ட உயிரணுக்கள் உள்ளன. நிறமித் துகள்கள் உயிரணுவின் நடுவே குவிந்தால் மீன் வெளுத்துத் தோன்றும். பரவினால் கறுத்துத் தோன்றும். இது விரைவில் வந்து போகும் மாற்றம். ஆனால், உடலில் நிலையாக இருக்கும் கரும்புள்ளிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் பரம்பரைக்கும் பங்கு உண்டு.

பதற்றம் ஏற்படும்போது மீனின் இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் கூடுகிறது. இங்கிலாந்தில் அறிஞர்கள் வானவில் டிரவுட் மீன்களை நெருக்கமாக அடைத்து வைத்து, இதன் அளவைப் பார்த்தார்கள். அதிகம் சுரந்த மீன்களைத் தனியாகவும் குறைவாகச் சுரந்தவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்தார்கள். குஞ்சுகளிடமும் அந்த வேறுபாடு தொடர்ந்தது. புள்ளிகளைப் பார்த்து யாரும் மீன்களைப் பொறுக்கவில்லை. ஆயினும், 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒரு புதுமையைக் காட்டியது. குறைவாகப் பதறும் பரம்பரையில் கரும்புள்ளிகள் அதிகமாக இருந்தன! பண்ணைச் சால்மன் மீன்களிலும் இதே போக்குக் காணப்பட்டது.

காரணம் என்ன? ஒரே ரப்பர்ப் பாலிலிருந்து ஷீட்டும் செய்கிறோம், கையுறையும் செய்கிறோம் அல்லவா? அதுபோல், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில், ஒருவகை மரபணுவின் கட்டளைப்படி ஒரு பெரிய புரதம் உண்டாகிறது. அது துண்டுகளாகப் பிரிகிறது. ஒரு துண்டு தோலைக் கறுக்கச் செய்கிறது. மற்றொரு துண்டு கார்ட்டிசாலைச் சுரக்கச் செய்கிறது. நிறமும் பதற்றமும் இந்த வழியில் இணைந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புள்ளி என்பது ஓர் அடையாளமே. அது மீனுக்குத் தைரியம் கொடுப்பதில்லை. இதை மனிதர்மேல் ஏற்றிப் பேசுவது பெரும் பிழை. கறுத்த பிள்ளை, சிவத்த பிள்ளை என்று பார்த்துக் குணத்தையோ அறிவையோ அளக்க எந்த விஞ்ஞானமும் இடம் தரவில்லை. வீட்டில் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

குளத்தில் மீன் வளர்ப்போருக்கும் இதில் பாடம் உண்டு. நீண்ட நாள் பதற்றத்தில் கிடக்கும் மீன் சரியாக இரை எடுக்காது, வளராது, எளிதில் நோய்வாய்ப்படும். ஆகவே குஞ்சுகளை நெருக்கி அடைத்துக் கொண்டு வராதீர்கள். வந்ததும் பையைத் திறந்து கொட்டிவிடாமல், கால் மணி நேரம் குளத்து நீரில் மிதக்க விடுங்கள். இரண்டு நீரின் சூடும் சமமான பிறகு, மீன்களைத் தாமாக நீந்திச் செல்ல விடுங்கள்.

அந்த மாணவனும் அன்று மாலையே சின்ன மீனைக் கால்வாயில் விட்டுவிட்டான்.