90 நொடி ரசம்

ஜெர்மனியில் மூத்தவர்களின் வாக்கைக் குறிவைக்கும் தொலைக்காட்சித் தேர்தல் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது? ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு எளிதில் பிடிபடும்.

அடுப்பும் பாத்திரமும் கட்சியுடையவை அல்ல. ஏஆர்டி, இசட்டிஎஃப் என்ற இரண்டு பொதுத் தொலைக்காட்சிகளும் தேர்தல் காலத்தில் கட்சிகளுக்கு இலவசமாக நேரம் தருகின்றன. ஒரு விளம்பரத்துக்கு 90 நொடி. பெரிய கட்சிக்குக் கூடுதல் முறை, சிறியதற்குக் குறைவு. தனியார் சேனல்கள் அடக்கச் செலவை மட்டுமே வாங்கலாம். அமெரிக்காவைப் போலக் காசைக் கொட்டி நாள் முழுக்க ஓட்ட முடியாது. அந்த இரண்டு சேனல்களையும் பார்ப்பவர்களின் சராசரி வயதோ 60-ஐத் தாண்டிவிட்டது. வாக்காளர்களிலும் 10 பேருக்கு 4 பேர் அந்த வயதுக்காரர்கள். யாருக்குப் பரிமாறுகிறோம் என்பதில் சமையல்காரருக்குக் குழப்பமே இல்லை.

புளிக்கரைசல்தான் பயம். அளவாக இருந்தால் நாக்கு விழிக்கும், கூடினால் முகம் சுளிக்கும். 2021-இல் எஸ்பிடி என்ற சமூக ஜனநாயகக் கட்சி, பிரதமர் பதவிக்கான போட்டியாளர் அர்மின் லாஷெட்டின் ஆட்களை ரஷ்யப் பொம்மைக்குள் பொம்மையாகக் காட்டிக் கிண்டலடித்த ஒரு படம் எடுத்தது. அவர்களில் ஒருவரின் மத நம்பிக்கையைச் சீண்டியதாகக் கண்டனம் எழுந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

ரசத்துக்கு உடம்பு கொடுப்பது பருப்புத்தண்ணீர். இங்கே அது ஓய்வூதியம். 1957-இல் அன்றைய பிரதமர், 81 வயது கொன்ராட் அடெனாவர் ‘பரிசோதனைகள் வேண்டாம்’ என்ற முழக்கத்தோடு நின்றார். வெறும் முழக்கம் இல்லை. அந்த ஆண்டு ஓய்வூதியச் சீர்திருத்தம் வந்து, முதியவர்களின் கையில் வந்த தொகை பாதிக்கும் மேல் கூடியிருந்தது. அவர் அணி 50.2% வாக்கு வாங்கியது; எந்த அணியும் அதற்குப் பிறகு பாதியைத் தாண்டவில்லை. 2021-இல் எஸ்பிடியின் ஓலாஃப் ஷோல்ஸும் ஓய்வூதிய வயதைக் கூட்டமாட்டேன், சராசரிச் சம்பளத்தில் 48% என்ற ஓய்வூதிய அளவைக் குறைக்கமாட்டேன் என்று சொல்லித்தான் ஜெயித்தார்.

அதே தேர்தலில் பசுமைக் கட்சி 19-ஆம் நூற்றாண்டு நாட்டுப்பாடல் ஒன்றின் மெட்டில் புதுச் சொற்களைப் பாடவைத்தது. பழைய நினைவைக் கிளறும் நல்ல தாளிப்புதான். ஆனால் பருப்பில்லாத ரசத்தில் நெய்யும் கடுகும் என்ன செய்யும்? கேலிதான் மிஞ்சியது.

கடைசியாகப் பக்குவம். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் கெட்டது. இதில் கைதேர்ந்தவர் முன்னாள் பிரதமர் அங்கேலா மெர்க்கல். 2013 தொலைக்காட்சி விவாதத்தை முடிக்கும்போது, ‘உங்களுக்கு என்னைத் தெரியும்’ என்றார். விளம்பர நேரத்தில் சொன்னதல்ல, ஆனால் அதைவிடச் சுருக்கமான விளம்பரம் கிடையாது. அந்தத் தேர்தலில் அவர் அணிக்கு 41.5%.

ஜெர்மன் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வூதியத்துக்கான சந்தா சம்பளத்தில் 18.6%, தொழிலாளி பாதி, முதலாளி பாதி. பருப்பு வாங்கும் காசு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அடுத்த முறை அந்த 90 நொடியைப் பார்க்கும்போது, அந்தச் செலவை யார் தலையில் கட்டப்போகிறார்கள் என்று சொல்கிறார்களா பாருங்கள்.