அணைக்கவே கூடாத ஸ்விட்ச்!

குட்டீஸ், ராத்திரி தூங்கப் போகும்முன் வீட்டில் டி.வி.யை நிறுத்துவார்கள், விளக்கை அணைப்பார்கள். மிக்ஸி எப்போதோ ஓய்ந்திருக்கும். ஆனால் ஃபிரிட்ஜை மட்டும் யாரும் அணைப்பதில்லை. அணைத்தால் காலையில் பால் திரிந்துவிடுமே!

உங்கள் உடம்பிலும் இதே கதைதான். கிட்டத்தட்ட எல்லா செல்களின் உட்கருவிலும் சுமார் 20 ஆயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. இன்சுலின் செய்யும் மரபணு உங்கள் மூக்கிலும் இருக்கிறது, முழங்காலிலும் இருக்கிறது. ஆனால் அது வேலை பார்ப்பது கணையத்தில்தான். மற்ற இடங்களில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சில மரபணுக்களுக்கு மட்டும் இந்தத் தூக்கம் கிடையாது. சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்க வேண்டும், பழுதான புரதங்களை அப்புறப்படுத்த வேண்டும், டி.என்.ஏ.வில் சேதம் ஏற்பட்டால் சரிசெய்ய வேண்டும். மூளை செல்லானாலும் தோல் செல்லானாலும் இந்த வேலைகள் நடந்தே ஆக வேண்டும். இவற்றைப் பார்த்துக்கொள்பவைதான் 'ஹவுஸ்கீப்பிங் ஜீன்'கள், அதாவது வீட்டைப் பராமரிக்கும் மரபணுக்கள். 2013-ல் வெளியான ஒரு பட்டியலில் இப்படி 3,804 மரபணுக்கள் இருந்தன. கணக்கிடும் முறை மாறினால் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும்.

வீட்டு வேலை ஒழுங்காக நடக்கும்வரை யார் கண்ணிலும் படாது. நின்றால்தான் தெரியும்! இந்த மரபணுக்களும் அப்படித்தான்.

அமெரிக்காவில் சிலருக்கு, மலேரியாவுக்கான பிரைமாகுயின் மாத்திரையைச் சாப்பிட்டதும் ரத்த சிவப்பணுக்கள் மடமடவென்று உடைந்தன. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் 1956-ல் தெரிந்தது. அவர்களிடம் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருந்தது. அதைச் செய்வது ஒரு பராமரிப்பு மரபணு, அதில்தான் குறை.

இரும்பு துருப்பிடிப்பதுபோல, ஆக்சிஜனால் செல்லுக்கும் சேதம் வரும். அதைத் தடுக்க உதவுவதுதான் ஜி6பிடி. சரி, எல்லா செல்லிலும் இருக்கும் மரபணுவில் குறை என்றால், சிவப்பணு மட்டும் ஏன் உடைய வேண்டும்?

இங்கேதான் ஒரு வேடிக்கை. சிவப்பணு வளர்ந்து முடிந்ததும் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும்! ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினை நிறைய வைத்துக்கொள்ள இது வசதி. ஆனால் உட்கரு போனால் மரபணுக்களும் போச்சு. மற்ற செல்களில் நொதி கெட்டுப்போனால் மரபணு புதிதாகச் செய்து தரும். சிவப்பணுவோ, முன்பே செய்து வைத்த நொதியை வைத்துக்கொண்டுதான் சுமார் 120 நாள் ஓட்ட வேண்டும். கட்டுச்சோற்றோடு கிளம்பிய பயணி மாதிரி! சோறே சீக்கிரம் கெட்டுப்போகிற ரகம் என்றால் என்ன ஆகும்? அதனால்தான் மாத்திரை பட்டதும் வயதான சிவப்பணுக்கள் முதலில் உடைகின்றன.

உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. பெரும்பாலோர் அது தெரியாமலே நன்றாக இருக்கிறார்கள். பிரைமாகுயின் போன்ற சில மருந்துகளோ, மத்தியதரைக் கடல் நாடுகளில் விரும்பிச் சாப்பிடும் ஃபாவா பீன்ஸோ உள்ளே போனால் சிக்கல் வரலாம். ஆகவே, பிரைமாகுயின் கொடுக்கும்முன் ஜி6பிடி போதுமான அளவு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. சில துளி ரத்தம் போதும், அந்த ஸ்விட்ச் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.