வண்டுப் புழுவின் தாடை தந்த வடிவம்

சங்கிலி ரம்பத்தின் வெட்டுச் சங்கிலி. எஃகு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1947-இல் விற்பனைக்கு வந்த வகை.

மரம் வெட்டும் தொழிலாளியான ஜோசப் காக்ஸ், 1946-இல் அடிக்கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழு தன் இரு தாடைகளாலும் இடமும் வலமுமாக மரத்தை அரிந்து முன்னேறுவதைக் கூர்ந்து கவனித்து, அதே முறையில் இருபுறமும் மாறிமாறி வெட்டும் வளைந்த பற்களை இச்சங்கிலிக்கு அமைத்தார். அதற்கு முந்தைய சங்கிலிகளின் நேர்ப்பற்கள் மரத்தைச் சுரண்டியே அறுத்தன. அவற்றைத் தீட்டுவதும் நெடுநேர வேலையாக இருந்தது. இன்று விறகு அறுக்கும் ரம்பங்களில் ஓடும் சங்கிலிகளும் இவ்வமைப்பின் வழிவந்தவையே.

ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால் தெரியும் சிறு மேடு, பல் மரத்தினுள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை வரையறுக்கிறது. பல்லை உருண்டை அரத்தாலும் மேட்டைத் தட்டை அரத்தாலும் அராவுவர். அறுக்கையில் சீவல்கள் விழாமல் பொடி உதிர்ந்தால் பல் மழுங்கிவிட்டது என்றும், வெட்டு ஒரு பக்கமாக வளைந்து சென்றால் பெரும்பாலும் ஒருபுறப் பற்கள் மறுபுறத்தவற்றினும் குட்டையாகவோ மழுங்கியோ உள்ளன என்றும் அறியலாம். சங்கிலி மண்ணில் ஒருமுறை உரசினாலே கூர்மை கெடும் என்பதால், விறகுக் கட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்தே அறுக்கின்றனர்.