முதியோருக்கு ஃபுளூ தடுப்பூசி: துணையூக்கிகள் செய்யும் உதவி

2023 மார்ச்சில் எச்3என்2 வகை இன்ஃப்ளூயன்சா பரவியபோது, புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை 16 முதல் 26ஆம் தேதி வரை விடுமுறை விடப்பட்டது. பிள்ளைகளுள் பெரும்பாலோர் சில நாள்களில் தேறிவிடுவர். வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கே அது நிமோனியாவாக முற்றும் ஆபத்து அதிகம். ஆதலால் கருவடிக்குப்பத்திலிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு: “அப்பாவுக்கு எழுபது வயது. ஊசி போட்டால் பயன் தருமா?”

பயன் தரும், ஆனால் இளையோருக்குத் தரும் அளவுக்கு இராது. வயது ஏற ஏற எதிர்ப்பாற்றல் செல்கள் மெதுவாகவே விழிக்கின்றன. அவற்றைத் தட்டி எழுப்பத் தடுப்பூசியுடன் சேர்க்கப்படும் பொருளே துணையூக்கி.

இதன் வரலாறு சுவையானது. 1920களில் பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த காஸ்தோன் ரமோன், தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நஞ்சைக் குதிரைகளில் உருவாக்கி வந்தார். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்பிடித்த குதிரைகளின் குருதியில் எதிர்நஞ்சு மிகுந்திருப்பதைக் கண்டார். மரவள்ளி மாவைக் கலந்து செலுத்தியபோதும் அதே பலன் கிடைத்தது. 1926இல் இங்கிலாந்தில் கிளென்னி குழுவினர் அலுமினிய உப்பின் ஆற்றலைக் கண்டறிந்தனர். அது இன்றும் பயன்படுகிறது.

ஃபுளூ தடுப்பூசிக்கு உதவியது எம்எஃப்59 என்னும் எண்ணெய்த்துளிக் கலவை. நம் உடலிலும் இயல்பாகச் சுரக்கும் ஸ்குவாலீன் என்னும் எண்ணெய்ப்பொருளே அதன் அடிப்படை. அது ஊசி போட்ட இடத்துக்கு எதிர்ப்பாற்றல் செல்களை வரவழைக்கிறது. 1997இல் இத்தாலியிலும், 2015இல் அமெரிக்காவில் 65 வயது கடந்தோருக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது.

அடுத்த படி, மூலக்கூறு அளவிலான துணையூக்கிகள். நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவாக்சினில் அத்தகையதொன்று உண்டு. அலுமினிய உப்பின் மேல் ஒட்டிய ஒரு சிறு மூலக்கூறு, வைரஸ் நுழைந்ததை அறியும் டிஎல்ஆர்7, டிஎல்ஆர்8 உணர்விகளைத் தூண்டுகிறது. ஃபுளூ தடுப்பூசிக்கும் இவ்வழி ஆராயப்படுகிறது.

புதிய ஊசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவரின் அறிவுரைப்படி, கிடைக்கும் ஃபுளூ தடுப்பூசியை ஆண்டுதோறும், இயன்றவரை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். முதியவரைப் பராமரிப்போரும் போட்டுக்கொள்வது அவருக்கு இரண்டாவது அரண். ஓரிரு நாள் கைவலி இயல்பே; வலி இல்லையெனில் ஊசி பலிக்கவில்லை என்றும் பொருளன்று.

ஊசி போட்டிருந்தாலும், முதியவருக்குக் காய்ச்சலுடன் மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ தோன்றினால் உடனே அழைத்து வாருங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பெரும்பயன் தரும்.