இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48

இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 என்பது சாலை விபத்தில் காயமடைந்தோருக்கான முதல் 48 மணி நேர மருத்துவச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் திட்டமாகும். இது 2021 டிசம்பர் 18 அன்று செங்கல்பட்டு மாவட்டம் மேல்மருவத்தூரில், ஆதிபராசக்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கி வைக்கப்பட்டது.

பின்னணி

2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. இது இந்திய மாநிலங்களில் மிக அதிகமான எண்ணிக்கையாகும். அவ்வாண்டில் 17,884 பேர் உயிரிழந்தனர்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் வழியாக இரு பெரும் சாலைகள் செல்கின்றன. ஒன்று, செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் வழியாகச் செல்லும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. மற்றொன்று, கோவளம், மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை. 1965 இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை முதல் சாலையை ஒட்டி அமைந்துள்ளது. மாமல்லபுரத்திலிருந்து அங்கு செல்லத் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். கடுமையான குருதிப்போக்கு உள்ளவருக்கு இத்தொலைவு உயிரைத் தீர்மானிக்கக் கூடியது. எனவே அருகிலுள்ள மருத்துவமனை, அது தனியாருடையதாயினும், காயமடைந்தவரை உடனே ஏற்பது இன்றியமையாதது.

சட்ட நிலை

அவசர நிலையில் வரும் நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் மருத்துவர் அனைவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயமடைந்தவருக்கு உதவுவோரைக் காவல்துறை அலைக்கழிக்கக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016 இல் அந்நீதிமன்றம் சட்ட வலு அளித்தது. 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் இப்பாதுகாப்பை உறுதி செய்தது. எனினும், கடமையை வகுத்த தீர்ப்பு, செலவை யார் ஏற்பது என்ற நடைமுறைச் சிக்கலைத் தீர்க்கவில்லை. அவ்விடைவெளியையே இத்திட்டம் நிரப்புகிறது.

செயல்படும் முறை

தொடக்கத்தில் 201 அரசு மருத்துவமனைகளும் 408 தனியார் மருத்துவமனைகளுமாக 609 மருத்துவமனைகள் இதில் இணைக்கப்பட்டன. 81 மருத்துவ முறைகளுக்கு ஒருவருக்கு உரூபா 1 இலட்சம் வரை அனுமதிக்கப்பட்டது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவரும், பிற மாநிலத்தவரும், வெளிநாட்டவரும், தமிழ்நாட்டு எல்லைக்குள் காயமடைந்தால் பயன் பெறலாம். சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வரும் மாமல்லபுரம் போன்ற ஊர்களுக்கு இவ்விதி குறிப்பிடத்தக்கது.

48 மணி நேரத்திற்குப் பின்னும் நிலை சீராகாதவர், காப்பீடு இருந்தால் அதன் கீழ் தொடரலாம். இல்லையெனில் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படுவார். தனியார் மருத்துவமனையிலேயே தொடர விரும்பினால் செலவை அவரே ஏற்க வேண்டும்.

முன்னுரிமை வகைப்படுத்தல்

ஒரே நேரத்தில் பலர் கொண்டுவரப்படும்போது, முதலில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை என்ற முறை பொருந்தாது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சியின் கீழ் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்படுகின்றனர். மூச்சுத் தடை, மிகுந்த குருதிப்போக்கு முதலியன உடையவர் சிவப்புப் பிரிவினர். காத்திருந்தாலும் ஆபத்தில்லாதவர் பச்சைப் பிரிவினர். 108 அவசர ஊர்தியிலிருந்தே மருத்துவமனைக்கு முன்னறிவிப்புச் செய்வதும் இம்முறையின் பகுதியாகும். இதனால் குருதி, அறுவை அரங்கு, மயக்கவியல் மருத்துவர் ஆகியவற்றை நோயாளி வருமுன் ஆயத்தம் செய்ய இயலும்.

அறுவை அரங்கில் பாதுகாப்பு

விரைவு மட்டும் உயிரைக் காப்பதில்லை. அவசரத்தில் நேரும் தவறுகளும் உயிரைப் பறிக்கக் கூடும். உலக சுகாதார அமைப்பு 2008 இல் 19 கூறுகள் கொண்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. இது மூன்று கட்டங்களில் உரக்கப் படித்துச் சரிபார்க்கப்படுகிறது.

1. மயக்க மருந்துக்கு முன்: நோயாளியின் அடையாளம், அறுவை செய்யும் இடம், ஒவ்வாமை, 500 மி.லி.க்கு மேல் குருதி இழப்பு நேரும் வாய்ப்பு.
2. தோலைக் கீறும் முன்: குழுவினர் தம் பெயரும் பணியும் கூறல், கடந்த 60 நிமிடங்களுக்குள் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து தரப்பட்டதா என்பது.
3. அரங்கை விட்டு நோயாளி நீங்கும் முன்: கருவிகள், பஞ்சுத் துணிகள், ஊசிகளின் எண்ணிக்கை.

அதுல் கவாண்டே தலைமையிலான குழு, புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதனைச் சோதித்தது. 2009 இல் வெளியான முடிவுகளின்படி, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன. இப்பட்டியலுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. சில நிமிடங்களே போதும். ஆகவே நோயாளர் நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனைகளுக்கும் இது ஏற்றது.

வரம்புகள்

48 மணி நேரம் என்பது உயிரைக் காக்கும் கட்டத்திற்கே போதுமானது. எலும்பு முறிவு, தலைக்காயம், தண்டுவடக் காயம் ஆகியவற்றுக்குப் பிந்தைய சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும் மாதக்கணக்கில் தேவைப்படலாம். மேலும், செலவை ஏற்பது மருத்துவமனையின் கதவைத் திறக்க உதவுமேயன்றி, உள்ளே போதிய செவிலியரும், குருதி வங்கியும், பயிற்சி பெற்ற குழுவும் இருப்பதை அது தானாக உறுதி செய்வதில்லை.